மீன்தொட்டி டீப்போ செய்யக் கொடுக்கிறவர்கள் கண்ணாடியின் தடிப்பை அளந்து வாங்குங்கள்

மட்டக்களப்புப் பக்கம் யாராவது வீட்டு ஹோலுக்கு உள்ளே மீன்தொட்டியும் மேலே கண்ணாடியும் வைத்த டீப்போ (கதிரைகளுக்கு நடுவில் போடுகிற சின்ன மேசை) ஒன்று செய்ய யோசித்துக்கொண்டிருந்தால், கண்ணாடி வேலைக்கு முற்பணம் கொடுக்க முன் இதை வாசித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு 130 லீற்றர் தண்ணீர் ஒரே அடியாக ஹோலுக்குள் இறங்கியது. பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த அம்மாவின் பாதத்தைக் கண்ணாடித்துண்டு கிழித்தது. நான்கு தையல். வழக்கமாக அம்மாவோடு படுக்கிற மகள் அன்று காய்ச்சல் என்று எங்கள் அறைக்குள் படுத்திருந்தாள். அதை நினைத்தால் இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது.

கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். எந்தக் கடைக்குப் போனாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

மேசையை நானே செய்தேன். அப்பாவின் பழைய தேக்கங்கட்டில் ஒன்று கல்லடி வீட்டின் பின்தாழ்வாரத்தில் கிடந்தது. அதன் கால்கள் நாலையும் 20 அங்குலத்துக்கு அறுத்து, சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களாகப் போட்டேன். அடியில் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். மலிவாக இருக்கிறதென்று எம்.டி.எஃப். பலகை போடப் பார்ப்பீர்கள், வேண்டாம். ஒருமுறை தண்ணீர் பட்டால் அது ஊறிப் பொருமிவிடும். பிளைவூட்டுக்கு மேல் அரை அங்குல ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் வருகிற பாரமில்லாத வெள்ளை அட்டை), அதற்கு மேல் தொட்டி. பலகையில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் ரெஜிபோம் அதை வாங்கிக்கொள்ளும், அடிக்கண்ணாடியில் ஒரு இடத்தில் மட்டும் பாரம் விழாது. தொட்டியின் விளிம்புக்கும் மேலே மூடுகிற கண்ணாடிக்கும் இடையில் இரண்டு அங்குலம் விட்டேன். இறுக்கி மூடினால் காற்றோட்டம் இல்லாமல் போகும், உள்பக்கம் வேர்த்து மேலிருந்து மீன் தெரியாது, சாப்பாடு போடவும் கை நுழையாது.

தொட்டிக்குக் கொடுத்த அளவு நீளம் 36 அங்குலம், அகலம் 18, உயரம் 14. அதையும் மேல்கண்ணாடியையும்தான் கடையில் செய்யக் கொடுத்தேன். ஜன்னல், அலுமினியக் கதவு, கடை முகப்பு எல்லாம் செய்கிற இடம். வேலை துப்புரவாக இருந்தது, அதைப் பார்த்துத்தான் போனேன். தொட்டி 8 மில்லிமீற்றர், மேல்கண்ணாடி 10 மில்லிமீற்றர் டெம்பர்ட் (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) என்று கடதாசியில் படம் வரைந்து எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை வாங்கிப் பார்த்து, "எட்டு மில்லிதான் தம்பி, நாங்க எத்தினயோ செஞ்சு குடுத்திரிக்கம், நீங்க பயப்படாதீங்க" என்றார். எல்லாமாக 38,000 ரூபா, முற்பணம் 20,000. பற்றுச்சீட்டில் "மீன் தொட்டி 1, மேல் கண்ணாடி 1" என்று மட்டும் எழுதினார். நான் வரைந்த படம் அவரிடமே நின்றுவிட்டது. பிற்பாடு கடைக்காரர் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

எடுக்கப் போன நாளில் தொட்டியை நான் ஒருவனாகவே தூக்கி ஓட்டோவில் வைத்தேன். அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டரை கிலோ நிறுக்கும். என் அளவுத் தொட்டிக்கு ஐந்து பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1.4 சதுர மீற்றர் வரும். 8 மில்லிமீற்றர் என்றால் 28 கிலோ இருக்க வேண்டும், 5 மில்லிமீற்றர் என்றால் 17 கிலோதான். விளிம்பைப் பார்த்துத் தடிப்பு பிடிபடாவிட்டாலும், வீட்டில் ஆள் நிறுக்கிற தராசில் ஏறி நின்று தொட்டியோடு ஒருதரம், தொட்டியில்லாமல் ஒருதரம் நிறுத்தால் கணக்கு வெளியில் வந்துவிடும். இந்தக் கணக்கை நான் தொட்டி உடைந்த பிறகுதான் போட்டேன்.

கிளம்பும்போது கடைப் பையன் பாதி மிஞ்சிய சிலிக்கன் குழல் ஒன்றையும் தந்தான். "எங்கயும் கசிஞ்சா நீங்களே பூசுங்க சேர். நாளைக்கே தண்ணி விடலாம்." ஒட்டி எத்தனை நாள் என்று கேட்டேன். நேற்றுப் பின்னேரம் என்றான். நான் மூன்று நாள் விட்டுத்தான் தண்ணீர் விட்டேன்.

எங்கள் வீட்டுக் கிணறு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடப்பதால் உவர். அதனால் குழாய்த்தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக இரண்டு நாள் வாளிகளில் திறந்து வைத்துத்தான் ஊற்றினேன். புதுத்தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வருகிற அமோனியாவைத் தின்கிற பக்டீரியாக்கள் வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மச்சானின் தொட்டியில் ஒரு வருடமாக ஓடி, அந்தப் பக்டீரியாக்கள் ஏற்கனவே ஊறிக் கிடக்கிற ஸ்பொஞ்ச் பில்டரை வாங்கி வந்து போட்டதும் அதற்காகத்தான். பதினைந்து கப்பி மீன் வாங்கினேன். மகள் மூன்றைத் தன்னுடையது என்று பிரித்து, திறந்து வைத்த அதே குழாய்த்தண்ணீரில் ஒரு வாளிக்குள் வைத்துக்கொண்டாள்.

தொட்டியில் விட்ட பன்னிரண்டும் அன்று பின்னேரமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடியும்போது ஏழு மிதந்தன. மறுநாள் ஒன்றும் மிஞ்சவில்லை. வாளியில் இருந்த மூன்றும் ஒரு குறையுமில்லாமல் நீந்தின. அதே தண்ணீர், ஒரே பையில் வந்த மீன்கள். வேறுபாடு தொட்டி ஒன்றுதான்.

பையன் தந்த குழலை எடுத்து வாசித்தேன். குளியலறைக்கும் சமையலறைக்குமான சிலிக்கன். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மீன்தொட்டிக்குப் பாவிக்கக் கூடாது என்றே போட்டிருந்தது. குளியலறை மூலையில் கறுப்புப் பிடிக்காமல் காக்கிற அந்த மருந்து தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு நஞ்சு. தொட்டிக்கு மருந்து சேராத, முழுக்க சிலிக்கனான பசை வேண்டும். காயும்போது வினாகிரி மணம் வருகிற வகையைத்தான் பெரும்பாலும் பாவிப்பார்கள். ஆனால் மணத்தை மட்டும் நம்ப ஏலாது, குளியலறைக் குழல்களிலும் அதே மணம் வருவது உண்டு. மீன்தொட்டிக்கு உகந்தது என்று குழலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

குழலைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மீன் செத்ததுக்கு மீன் வித்தவனக் கேளுங்க தம்பி. மூணு தரம் தண்ணியை மாத்துங்க, மறுகா சரியா வரும்" என்றார் முதலாளி. அந்தப் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. நான் மூன்று தரம் மாற்றினேன். நாலாம் முறை நிரப்பி, மீன் விடாமல் பில்டரை மட்டும் ஓடவிட்டேன். வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், நாளுக்கு நாள் தண்ணீர் குறைந்தது. காற்றுக் குடிக்கிறது என்று எண்ணி நானும் ஊற்றி ஊற்றி நிறைத்தேன். ஒன்பதாம் நாள் பின்னேரம் அடி மூட்டு ஓரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றதைக் கண்டேன். துடைத்துவிட்டுப் படுத்தேன்.

இரவு வெடிச்சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. லைட் எரியவில்லை. பில்டரின் பிளக்கை மேசைக்குக் கீழே, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷனில்தான் சொருகியிருந்தேன். தண்ணீர் அதற்குள் போக, ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருட்டு. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீடென்றால் அந்த ஈரத்தில் கால் வைத்த அம்மாவுக்கு என்ன நடந்திருக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை இன்றைக்கே ஒருதரம் அழுத்திப் பாருங்கள். தொட்டி வயரைச் சுவர்ப் பிளக்குக்குக் கொண்டுபோகும்போது நடுவில் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வயர் வழியாக வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

காலையில் துண்டுகளைப் பொறுக்கினேன். நீளப்பக்கக் கண்ணாடி அப்படியே கழன்று தரையில் விழுந்து உடைந்திருந்தது. மூட்டில் இருந்த சிலிக்கனைப் பிடித்து இழுக்க, ரிபன் மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. சரியாக ஒட்டிய சிலிக்கன் கண்ணாடியை விட்டு அப்படி வராது, பசைதான் நடுவில் கிழியும். உரிந்த இடத்தில் கண்ணாடியில் விரல் அடையாளமும் தூசியும் இருந்தன. ஒட்ட முன் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேயில்லை. பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிற நண்பர் வேணியர் இடுக்கிமானியைக் கொண்டுவந்து ஒவ்வொரு துண்டாக அளந்தார். எல்லாம் 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 8 ஒன்றுகூட இல்லை.

நண்பர் கணக்கும் போட்டுக் காட்டினார். தொட்டியில் தண்ணீர் 32 சென்ரிமீற்றர் உயரம் நின்றால், மூன்றடி நீளக் கண்ணாடியை அது வெளியே தள்ளுகிற விசை 46 கிலோ பாரத்துக்குச் சமன். இரவும் பகலும் அப்படித் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். மெல்லிய கண்ணாடி நடுவில் வெளிப்பக்கம் புடைக்கும், புடைக்கப் புடைக்க மூட்டிலுள்ள பசை இழுபடும். நிரம்பிய தொட்டியின் வெளிப்பக்கத்தில் நீட்டுக்கு இரும்பு அடிமட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். அடிமட்டத்தின் நடுப்பகுதி ஊன்றி இரண்டு முனையும் ஆடினால் கண்ணாடி புடைத்திருக்கிறது. ஜன்னலில் போட்டால் 5 மில்லிமீற்றருக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே காற்றுத்தான் தள்ளும். இங்கே தள்ளுகிறது தண்ணீர். ஜன்னல் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். 8 என்று கேட்டு, 8 என்று ஒப்புக்கொண்டு, 8-க்குக் காசு வாங்கிக்கொண்டு 5 போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

துண்டோடு கடைக்குப் போனபோது அவர் முகம் மாறிவிட்டது. "எட்டு மில்லி எண்டு எங்க எழுதியிரிக்கி? பில்லக் காட்டுங்க" என்றார். படம் வரைந்த கடதாசியைக் கேட்டேன், தொலைந்துவிட்டது என்றார். அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். "அதுக்கு நாங்க என்ன செய்யிற" என்று உள்ளே போய்விட்டார். மேல்கண்ணாடியில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். 10 மில்லிமீற்றர்தான், மூலையில் டெம்பர்ட் முத்திரையும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடியை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் வாய்ப்புப் போய்விடும். பற்றுச்சீட்டு, குழலின் படம், அளந்த துண்டின் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சேர்த்தேன். நீங்கள் கொடுக்கிறபோது தடிப்பையும் எந்தச் சிலிக்கன் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மனமில்லாத கடையில் கொடுக்காதீர்கள். வரைந்து கொடுக்கிற படத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைச் செய்யவில்லை. வெட்டிய கண்ணாடியை ஒட்ட முன் போய் அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, தொட்டியை அவர்கள் இடத்திலேயே விளிம்பு வரை நிரப்பி ஒரு கிழமை வைத்துப் பார்க்கச் சொல்வது. மிச்சக் காசை அதற்குப் பிறகு கொடுங்கள்.

அப்பாவின் கட்டில் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளைவூட்டும் தாங்கிவிட்டது. அதனால் ஆரையம்பதியில் மீன்தொட்டி மட்டுமே ஒட்டுகிற ஒருவரிடம் அதே அளவுக்கு வேறு தொட்டி கொடுத்தேன். அவர் நான் கேட்க முன்னமே இடுக்கிமானியை என் கையில் தந்தார். நீளப்பக்கம் வளையாமலிருக்க மேல் விளிம்பில் இரண்டு அங்குலக் கண்ணாடிப் பட்டியும் வைத்து ஒட்டியிருக்கிறார். பசை காய ஒரு கிழமை விட்டு, இப்போது அவருடைய கொட்டிலில் நிறையத் தண்ணீரோடு நிற்கிறது. அடியில் சுற்றிவரப் பழைய பேப்பர் விரித்திருக்கிறார், ஒரு துளி கசிந்தாலும் தெரியும். இன்று ஐந்தாம் நாள், பேப்பர் காய்ந்தபடியே இருக்கிறது. மகளின் மூன்று கப்பியும் இன்னும் வாளியில்தான். ஒன்று குஞ்சு போட்டிருக்கிறது.