கூன்வண்டு வாளிப் பொறி: வாங்கலாம், ஆனால் லூர் மட்டும் போதாது

5 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, விளிம்புக்குக் கீழே 4 ஓட்டை, மூடியில் கம்பியால் தொங்கவிட ஒரு லூர் (வண்டை வாசத்தால் இழுக்கும் பொட்டலம்). தென்னைச் சிவப்புக் கூன்வண்டுக்கு விற்கும் பொறியில் இவ்வளவுதான் சரக்கு. வெளிப்புறம் வழவழவென்று இருந்தால் வண்டு ஏறாமல் வழுக்கும். பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினால் போதும்.

லூரை மட்டும் தொங்கவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. லூர் வாசம் வண்டை வாளிப் பக்கம் இழுக்கும். உள்ளே இறக்குவது புளித்த தீனி. 1 லிட்டர் தண்ணீரில் நசுக்கிய கரும்போ கனிந்த வாழைப்பழமோ போட்டு, 5 கிராம் ஈஸ்ட் சேர்த்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டு ஏறிப் போய்விடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை உள்ளே இறங்கிப் புளிப்பு நீர்த்தாலும் பொறி வீண். நிழலில் கட்டினால் லூர் 3, 4 மாதம் வரும்.

ஹெக்டேருக்கு ஒன்று போதும். இளமரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் கட்டாதீர்கள்: வருகிற வண்டெல்லாம் வாளியில் விழுவதில்லை, மிச்சம் அந்த மரத்தில் ஏறும். 20, 30 சென்ட் விளைகள் (தோப்புகள்) ஒட்டிக் கிடக்கும் ஈத்தாமொழி போன்ற ஊர்களில் நாலைந்து பேர் சேர்ந்து வைப்பதே சரி. விழுவதில் பெண் வண்டுதான் அதிகம், பலவும் முட்டையோடு. அதுதான் இந்தப் பொறியின் உண்மையான லாபம்.

“இந்தப் பொறி நூற்புழுவுக்கும் (நூல்போன்ற நுண்புழு, நெமட்டோடு) கேட்கும்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கூன்வண்டுக்கும் நூற்புழுவுக்கும் தொடர்பு உள்ளது டிரினிடாடில் 1905-லேயே பதிவான தென்னைச் செவ்வளைய நோயில். அங்கே நம் வண்டின் பங்காளியான அமெரிக்கக் கூன்வண்டு, சுமார் 1 மி.மீ. நீள நூற்புழுவை மரத்துக்கு மரம் சுமக்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டினால் ஓரத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. உள்ளே செங்கல் நிற வளையம் தெரியும். சில மாதங்களில் மரம் பட்டுப்போகும். வண்டைப் பிடித்தால் அங்கே நோயும் குறையும். இந்தியாவில் அந்த நோய் இல்லை. நம் மண்ணில் வேரைக் குடையும் நூற்புழு வேறு. வாழைக்கன்று வேரோடும் மண்ணோடும் வரும், வண்டில் வராது. வேர் வாடல் நோயும் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிரியால் வருவது, அதற்கும் இது உதவாது.

தண்டில் பழுப்புச் சாறு வழிந்து, மென்ற நார் துருத்தி நிற்கும் மரத்தைப் பொறி காப்பாற்றாது. கூன்வண்டின் புழு உள்ளே இருக்கிறது. பச்சை மட்டை வெட்டும்போது 4 அடி விட்டு வெட்டுங்கள், அந்தக் காய வாசத்துக்குத்தான் வண்டு வரும். வாங்கும்போது லூர் உறையைப் படியுங்கள்: தென்னையின் இன்னொரு எதிரியான காண்டாமிருக வண்டின் லூரைக் கொடுத்துவிட்டால் ஒரு கூன்வண்டும் விழாது.