வழிதவறிய கிராஸ் ஸ்டிச்: சமாளிப்பதா, பிரிப்பதா, கைவிடுவதா?

கிராஸ் ஸ்டிச்சில், அதாவது கட்டம் கட்டமாக X வடிவில் தைக்கும் கைத்தையலில், பாதிக்கு மேல் தைத்திருந்த மயில் படம் ஒன்றை இந்த வருடம் கைவிட்டேன். 14 கவுண்ட் ஐடா, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் வரும்படி நெய்த துணி. 140 தையல் அகலம், 182 தையல் உயரம், அதாவது 10 அங்குலத்துக்கு 13 அங்குலம். பின்னணியும் சேர்ந்து முழுக்க நிரம்பும் படம் என்பதால் மொத்தம் 25,480 தையல். தலையும் கழுத்தும் அருமையாக வந்துவிட்டன. தோகையின் வலப்பக்கம் வளர வளரத்தான், அங்கிருக்கும் கண்கள் இடப்பக்கத்தோடு ஒத்துப்போகாமல் மூன்று கட்டம் தள்ளி நிற்பது தெரிந்தது.

காரணம் சார்ட், அதாவது எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் தாள். பெரிய சார்ட்டுகள் பல பக்கங்களாக வரும். பக்கம் மாறும் இடத்தில், முந்தைய பக்கத்தின் கடைசி இரண்டு மூன்று வரிசைகளை இடம் அடையாளம் தெரிவதற்காக மறுபடியும் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசைகள் லேசான சாம்பல் நிழலில் இருக்கும். அவற்றைத் தைக்கக் கூடாது. எனக்கு வந்ததோ கறுப்பு வெள்ளை நகல், அதில் நிழலே விழவில்லை. ஆக, மூன்று வரிசைகள் இரண்டு முறை தைக்கப்பட்டு, வலப்பாதி முழுவதும் நகர்ந்துவிட்டது. சார்ட் விற்பவர்கள் ‘இந்த வரிசைகள் முந்தைய பக்கத்தில் உள்ளவை’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும், எத்தனையோ பேரின் உழைப்பு தப்பும்.

இந்த நிலைமையில் மூன்று வழிகள்தான். இருப்பதை வைத்துச் சமாளித்துத் தொடரலாம். தப்பான பகுதியைப் பிரித்து மறுபடி தைக்கலாம். கைவிட்டுப் புதுத் துணியில் ஆரம்பிக்கலாம். அலமாரியில் மடித்து வைத்து ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் துணிதான் கெடுகிறது. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றாமல் விட்டால் வட்டமாக அழுக்குத் தடம் பதியும். ஊசியைக் குத்தியபடி விட்டால், சென்னை மாதிரி கடற்காற்று ஊரில் சீக்கிரமே துருக்கறை வந்துவிடும்.

சமாளிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புல், இலை, மேகம், தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு தையல் தள்ளிப்போனது யார் கண்ணுக்கும் தெரியாது, தாராளமாகத் தொடருங்கள். எழுத்து, முகம், கோலம் போன்ற வடிவங்கள், நான்கு பக்கமும் சுற்றிவந்து முடிய வேண்டிய பார்டர் என்றால் அது நடக்காது. பார்டர் ஒரு கட்டம் பிசகினாலும் கடைசி மூலையில் சேராது. என் மயிலில் மூன்று வரிசையை வேறு எங்காவது குறைத்துவிட முடியுமா என்று பார்த்தேன். தோகைக் கண்ணில் மூன்று வரிசை போனால் வட்டம் முட்டை வடிவமாகிவிடுகிறது. அதோடு அந்த யோசனையை விட்டேன்.

மிச்சம் இருப்பவை பிரிப்பதும் கைவிடுவதும். கைத்தையல் பழகிய பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் ‘பிரித்துத் தை’ என்றுதான் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சரியாக வந்த பாதி வீணாகாது, துணி வீணாகாது. பத்திருபது தையல் என்றால் எனக்கும் அதுதான் வழி. ஊசியின் காதுப் பக்கத்தால் நெம்பி, தைத்த வரிசைக்கு எதிர்த் திசையில் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். நிறைய இருந்தால் கூர்முனைக் கத்தரியால் நூலை அங்கங்கே வெட்டி, ட்வீசரால் இழுக்க வேண்டும். ஐடாவில் ஒவ்வொரு கட்டமும் சில இழைகள் சேர்ந்த கற்றைதான். கத்தரி தவறி அதில் ஒன்றை வெட்டிவிட்டால், அந்த இடத்தில் துளை உருவம் இழந்துவிடும். கருநீலம், கறுப்பு மாதிரி அடர்நிற நூல் வெள்ளைத் துணியில் மயிர்மயிராகப் பிசிறு விட்டுப்போகும். ஒட்டும் டேப்பை வைத்து ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது. பிரித்த நூலை மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள், பளபளப்பு போயிருக்கும்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் செய்துவிடக்கூடியவை. எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது துணியின் பின்பக்கம்தான்.

கிராஸ் ஸ்டிச்சில் முடிச்சு போடுவதில்லை. ஆரம்பிக்கும்போது நூலின் வாலைப் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து தையலுக்கு அடியில் அமுக்கிவிடுவோம். முடிக்கும்போதும் நாலைந்து தையலுக்கு அடியில் ஓட்டிவிட்டு வெட்டுவோம். அதாவது ஒரு நிறத்தின் நுனியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பக்கத்து நிறத்தின் தையல். ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடத்தில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் மயில் தோகை மாதிரி நிறங்கள் பொடிப்பொடியாகச் சிதறிய இடத்தை யோசித்துப் பாருங்கள். 14 கவுண்ட்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு 196 தையல். அதற்குள்ளேயே பச்சை, நீலம், பொன்னிறம், பழுப்பு என்று ஒவ்வொன்றும் பல முறை ஆரம்பித்துப் பல முறை முடிகிறது.

அங்கே தப்பான பச்சையைப் பிரித்தால், அதற்கடியில் ஒளிந்திருந்த நீலத்தின் வால் வெளியே வந்துவிடும். அந்த நீலம் சரியான இடத்தில் தைத்ததாகக்கூட இருக்கலாம். வாலைத் திரும்ப அமுக்கலாம் என்றால் அது கால் அங்குலம்தான் இருக்கும், ஊசியில் கோத்துத் தைக்க நீளம் போதாது. வெறும் ஊசியை முதலில் தையலுக்கு அடியில் செருகிவிட்டு, பிறகு காதில் நூலைக் கோத்து இழுப்பது ஒரு வழி. ஒன்றிரண்டு இடத்தில் இது கைகொடுக்கும். இருபது இடத்தில் இதையே செய்ய உட்கார்ந்தால், சரியாக இருந்த நீலத்தையும் சேர்த்துப் பிரிப்பதே மேல் என்று ஆகிவிடும். அந்த நீலத்துக்கு அடியில் பழுப்பின் வால் இருக்கும். இப்படியே போய், பிரிக்க வேண்டிய இடம் நாம் நினைத்த எல்லையில் நிற்பதே இல்லை. நிறங்கள் சிதறிய பகுதியைக் கவனமாகப் பிரிக்க, அதைத் தைத்ததைவிட அதிக நேரம் ஆகிறது. பிறகு அதை மறுபடி தைக்கவும் வேண்டும்.

ஆகவே எத்தனை தையல் தப்பு என்று எண்ணாதீர்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். தப்பான பகுதிக்குப் பின்னால் நூல்கள் கோடு கோடாக, ஒரே நிறமாக ஓடியிருந்தால், ஆயிரம் தையலானாலும் பிரிக்கலாம். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தால், முந்நூறே ஆனாலும் நான் பிரிக்கமாட்டேன்.

கைவிட்டால் என்ன நஷ்டம்? துணி, தைத்துத் தீர்ந்த நூல், போன மாதங்கள். போன மாதங்கள் பிரித்தாலும் திரும்பி வராது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நூலில் மிச்சமிருக்கும் கண்டுகள் அப்படியே புதுத் துணிக்கு உதவும். ஒரு கண்டில் 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் தைக்கலாம். குறைகிற நிறங்களை மட்டும் அதே கம்பெனியில் வாங்குங்கள். கறுப்புக்கு டிஎம்சி கம்பெனி நூலில் எண் 310, ஆங்கர் நூலில் 403, அதில் ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது. மயில் நீலத்திலும் பச்சையிலும் அப்படி மாற்றினால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நிறம் ஒட்டாமல் நிற்கும். ஒரே எண்ணிலேயே வேறு சமயம் சாயம் ஏற்றிய நூல் லேசாக மாறலாம். பிரித்துத் தைத்தால் படத்தின் நடுவில் அந்த வித்தியாசம் வந்து உட்காரும். புதிதாக ஆரம்பிப்பவர், எந்த நிறம் போதுமான அளவு இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

புதுத் துணியில் கிடைக்கும் பெரிய வசதி, பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டுக்கொண்டு தொடங்கலாம் என்பது. தைத்து நிரம்பிய துணியில் அது முடியாது. தண்ணீரில் அழியும் பேனா வசதியானது, ஆனால் அலசுவதற்கு முன் இஸ்திரி பட்டால் சில பேனாக்களின் மை நின்றுவிடும். அதனால் நான் மெல்லிய தையல் நூலால் கட்டம் போடுகிறேன். இப்போது வரிசை பிசகினால் அடுத்த பத்தாவது கட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது. சார்ட்டில் இரண்டு முறை வந்த வரிசைகளையும் பென்சிலால் அடித்துவிட்டேன். தோகையின் நிறங்கள் கைக்குப் பழகிவிட்டதால் இரண்டாவது மயில் நன்றாகவே வேகமாக வளர்கிறது.

பழைய துணியில் தலையும் கழுத்தும் இருந்த பகுதியைச் சுற்றிலும் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, ஓரம் பிரியாமல் சுற்றித் தைத்து, ஒரு பைக்கு வெளிப் பாக்கெட்டாக வைத்தேன். இப்படி நல்ல பகுதியை மீட்க முடிகிறதா என்பதையும் முடிவெடுக்கும் முன் பாருங்கள்.

லினன் துணியில் நான் பெரிய படம் எதுவும் தைத்ததில்லை. இழைகள் மெல்லியவை என்பதால் பிரிப்பது இன்னும் சிரமமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதில் பழகியவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. குறிப்பிட்ட நாளுக்குள் கொடுத்தாக வேண்டிய பரிசு என்றால் புதிதாக ஆரம்பிக்க நேரம் இருக்காது. அப்போது அதே சார்ட்டிலிருந்து சின்னதாக ஒரு பகுதியை மட்டும், ஒற்றை இறகோ ஒரு பூவோ, தனியாகத் தைத்துக் கொடுத்துவிடுங்கள்.