பச்சை காட்டுகிறது, ஆனால் ரேடியோ பேண்டு செத்துக் கிடக்கிறது: ஒரு விண்வெளி வானிலைச் செயலி

2024 ஏப்ரலில் இந்தச் செயலியைப் போனில் இறக்கினேன். பெயர் வேண்டாம், இதே மாதிரி பத்து இருக்கின்றன, ஒரே பொதுத் தரவை எடுத்து வேறு வேறு வண்ணம் பூசுபவைதான் எல்லாம். திறந்தால் நடுவில் பெரிதாகக் கேபி எண், அதாவது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குலுங்குகிறது என்பதன் அளவு, 0 முதல் 9 வரை. 4 வரை பச்சை, 5 தொட்டால் சிவப்பு, கூடவே ஒரு சைரன். நான் பொழுதுபோக்காகச் சிற்றலை ரேடியோவில் பேசுகிற ஹாம் ஆள். என் தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம் இப்போது சிக்னலைத் திருப்பி அனுப்புமா, அனுப்பாதா, அது மட்டும் தெரிந்தால் போதும். அதைத்தான் இது சொல்ல மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதமே பெரிய பரீட்சை. மே 10 அன்று ஜி5, அதாவது உச்சப் படியிலான காந்தப் புயல், 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை, கேபி 9. சைரன் அடித்தது, அப்புறம் கூட்டம் தாங்காமல் செயலியே படுத்துவிட்டது. அதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது புயல் ஓய்ந்தபின் வரும் பச்சை. கேபி என்பது காந்தமானி நிலையங்கள் பதிவு செய்த 3 மணி நேரக் குலுக்கல், அவ்வளவுதான். குலுக்கல் நின்றால் எண் இறங்கிவிடும், ஆனால் துருவப் பக்கம் சூடேறிய மேல் வளிமண்டலம் நைட்ரஜன் மூலக்கூறுகளை மேலே தூக்கி, காற்றோடு நம் பக்கமும் தள்ளிவிடும், அவை சிற்றலையைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கின் (அயனி மண்டலத்தின் மேல் அடுக்கு) எலக்ட்ரான்களை வேகமாகத் தின்றுகொண்டே இருக்கும், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும். திரை பச்சையாக இருக்க, 15 மீட்டர் பேண்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

உருப்படியான விஷயம் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது: பீஇசட் வரைபடம், சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குச் சாய்வு. பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் நிற்கும் விண்கலங்கள் சூரியக் காற்றின் வேகத்தையும் அதோடு வரும் காந்தப்புலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் அளக்கின்றன. தெற்கே சாய்ந்து அப்படியே நின்றால், சூரியக் காற்றின் ஆற்றல் உள்ளே நுழையக் கதவு திறந்தது என்று அர்த்தம். காற்றின் வேகம் வினாடிக்கு 500 கிலோமீட்டர் என்றால், அது வந்து சேருமுன் நமக்கு 50 நிமிடம் கிடைக்கும், 800 என்றால் அரை மணி. வடக்கே சாய்ந்திருந்தால், இரண்டு நாளாக "வருகிறது, வருகிறது" என்று செயலி அலறிய புயல்கூடப் புஸ்ஸென்று போய்விடும், இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

எக்ஸ்-கதிர் எச்சரிக்கை மட்டும் அருமை. சூரிய வெடிப்பின் கதிர் 8 நிமிடத்தில் வந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கை அடர்த்தியாக்கி, சிற்றலையை விழுங்க வைக்கும். என் ரிசீவர் கெட்டுவிட்டதோ என்று கேபிளைப் பிடுங்கிப் பார்க்கிற வேலை இப்போது இல்லை. ஆனால் பகல் பக்கத்தில்தானே இந்தப் பாதிப்பு? நள்ளிரவில் என்னை எதற்கு எழுப்ப வேண்டும்?

ஜிபிஎஸ் துல்லியம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதுவும் கேபியை வைத்துப் போட்ட கணக்கு. செயற்கைக்கோள் சிக்னல் வரும் வழியில் எத்தனை எலக்ட்ரான் என்பதுதான் அங்கே பிழையைத் தீர்மானிக்கிறது, ஜிபிஎஸ்ஸை இரண்டு அதிர்வெண்களில் வாங்கும் போன் என்றால் பெரும்பகுதியை அதுவே கழித்துவிடும். கண்டுகொள்ளாதீர்கள்.

கேபி சைரனை அணைத்துவிட்டேன், எஃப் அடுக்குக்கு அயனோசோண்ட் (ரேடியோ அலையை மேலே அனுப்பி அயனி மண்டலத்தை அளக்கும் கருவி) தரவைத் தனியாகப் பார்க்கிறேன். இப்போதைக்கு 5க்கு 3. மூன்றாவது பக்கத்தை முதல் பக்கமாக்கினால் இன்னொரு நட்சத்திரம் தருகிறேன்.