மஸ்டாங்கைப் போர்ஷேவோடு ஓடவைப்பதாகச் சொல்லி 6,800 டாலர் பிடுங்கிய கதை

கலிபோர்னியாவில் மஸ்டாங், கமரோ வைத்திருப்பவர்கள், ரேஸ் டிராக்குக்குத் தயார்செய்ய யாரிடமாவது காரை விடும் யோசனையில் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 2013 மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் வி8, 420 குதிரைசக்தி. நேர் ரோட்டில் ராஜா. வில்லோஸில் உள்ள தண்டர்ஹில் டிராக்கில் வளைவு வந்தால்தான் மானம் போகும். கூட வேலை செய்யும் நண்பரின் போர்ஷே கேமனுக்கு என்னைவிட நூறு குதிரைக்கு மேல் குறைவு. ஆனால் இன்ஜின் நடுவில் இருக்கிறது. என் காரில் கனம் மூக்குப் பக்கம், பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிய ஒற்றை அச்சு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இன்னொன்றும் சேர்ந்து ஆடும்.

நான் காரை விட்ட கடைக்காரர் போட்ட தூண்டில் பாஸ் 302, மஸ்டாங்கிலேயே டிராக்குக்கென்று ஃபோர்டு செய்த வகை. "அதே அச்சை வைத்துக்கொண்டுதான் 2012-ல் ஃபோர்டு பிஎம்டபிள்யூ எம்3-க்குக் குறி வைத்தது, உங்கள் காரையும் அப்படிச் செய்து தருகிறேன்" என்றார். அதில் பொய் இல்லை. அந்த காரில் டேம்பரின் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) தலையில் இருக்கும் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பி ஐந்து நிலையில் வைக்கலாம். எனக்கும் அதுபோலவே போடுவதாக எழுதிக் கொடுத்தார். கூடவே தாழ்வான ஸ்ப்ரிங், பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் கம்பி, முன்சக்கரச் சாய்வுக்கு கேம்பர் பிளேட், புது பிரேக் ஆயில். மொத்தம் 6,800 டாலர். மூன்று வாரம் கழித்துப் போனால் கார் தரையோடு தரையாக, பார்க்க அட்டகாசமாக நின்றது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த டிராக் நாள். நான்காவது சுற்றில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. கார் நேராகப் புல்லுக்குள் போய் நின்றது. நல்லவேளை, அங்கே சுவர் இல்லை.

பக்கத்துக் கொட்டகையில் இருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். முதலில் டிக்கி விரிப்பைத் தூக்கினார். பின் டேம்பரின் தலை அங்கேதான் தெரியும். திருகு இல்லை, வெறும் நட்டு. அப்புறம் காருக்கு அடியில் கைவிட்டு டேம்பரைத் துடைத்தார். மஞ்சள் பெயின்ட் விரலோடு வந்தது, உள்ளே துரு. என் பழைய டேம்பருக்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! பான்ஹார்ட் கம்பியும் பழசுதான். காரைத் தாழ்த்தினால் அந்தக் கம்பியின் கோணம் மாறி அச்சையே ஒரு பக்கமாகத் தள்ளும். அதைச் சரிசெய்யத்தான் நீளம் மாற்றும் கம்பி. என் காரில் ஒரு பக்கம் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது, மறுபக்கம் விரல்நகம்கூட நுழையவில்லை.

பிரேக் ஆயில் காபி நிறத்தில் இருந்தது. டாட் 3 வகை புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு அது 140 வரைகூட இறங்கும். டிராக் சூட்டில் அது எம்மாத்திரம்? கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சாகிவிடும்.

கடைக்காரர் கொடுத்த சக்கர அலைன்மென்ட் தாளை வீட்டுக்கு வந்துதான் ஒழுங்காகப் பார்த்தேன். முன்சக்கரச் சாய்வு மைனஸ் 2.3 டிகிரி என்று அழகாக அச்சிட்டிருந்தது. தேதி மட்டும், நான் காரை விடுவதற்கு ஒன்பது நாள் முந்தியது. வேறு யாருடைய காரோ!

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "நீங்கள் ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள்" என்றார். கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்து, படங்களையும் அந்தத் தாளையும் அனுப்பியதில் 2,900 டாலர் திரும்பி வந்தது. முன்பணமாகக் கொடுத்த ரொக்கம் போனது போனதுதான்.

அவர் விளம்பரத்தில் இன்றும் என் கார் நிற்கிறது. நீல மஸ்டாங், பின் பம்பரின் இடது மூலையில் நீளமாக ஒரு கீறல். அந்தப் படத்தைக் காட்டி யாராவது பேச்சுக் கொடுத்தால், சாவியைக் கையைவிட்டு இறக்காதீர்கள்.