அல்சூர் நியாயவிலைக் கடை: அரிசி மட்டும் போதுமா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள நியாயவிலைக் கடையில் எடை சரியாக இருக்கிறது. கைரேகை இயந்திரம் மட்டும், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன என் அம்மாவின் விரலை மூன்றாவது முறைதான் ஏற்றுக்கொள்கிறது. அரிசியின் தரத்திலும் குறையில்லை.

ஆனால், 2023 ஜூலை முதல் கர்நாடக அரசின் இலவச அரிசித் திட்டமான அன்னபாக்யாவின் கூடுதல் 5 கிலோ அரிசிக்குப் பதிலாக, கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்த மாதங்களில், அம்மா அந்தப் பணத்தில் துவரம்பருப்பும் முட்டையும்தான் வாங்கினார். கையில் காசு கொடுத்தால் ஏழைகள் கண்டதற்கும் செலவழித்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் எங்கள் அடுப்படியைப் பார்த்ததில்லை. 2025-இல் பணம் நின்று மறுபடியும் அரிசியே வந்தபோது, மிஞ்சியது டப்பாவில் வண்டு பிடித்தது, சாம்பாரோ தண்ணீராக இளைத்தது. அதே கடையில், அதே மதிப்புக்குப் பருப்போ எண்ணெயோ எடுத்துக்கொள்ளும் உரிமை அட்டைதாரருக்கு வேண்டும்.