அத்தனாசியுஸும் நனைந்துபோன தாத்தா படமும்

கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் புத்தக மேசையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. போன வருஷம் அப்படி வாங்கியது, ஆசீர்வாதம், செழிப்பு என்று ஒரு தடிமனான புத்தகம். எந்த இறையியல் புத்தகத்தையும் ஒரே விதத்தில்தான் சோதிப்பேன். ஏதாவது நாலைந்து பக்கத்தைத் திருப்பி, அங்கே சொல்லியிருக்கும் வசனத்தை வேதாகமத்தில் முன்னும் பின்னும் சேர்த்துப் படிப்பேன். அந்தப் புத்தகம் முதல் வசனத்திலேயே கவிழ்ந்தது. "நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்ற 3 யோவான் 2-ஆம் வசனத்தில் ஓர் அத்தியாயமே கட்டியிருந்தார். அது காயு என்பவருக்கு எழுதிய கடிதத்தின் நல விசாரிப்பு. 'நலம், நலமறிய ஆவல்' என்பதை வைத்து யாராவது வீடு கட்டுவார்களா?

அந்த எரிச்சலில்தான் பழசு ஏதாவது படிப்போம் என்று அத்தனாசியுஸின் 'வார்த்தை மனிதரானதைப் பற்றி' (வார்த்தை என்றால் இங்கே இயேசு) நூலை வரவழைத்தேன். ஜான் பெஹ்ர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, செயின்ட் விளாடிமிர்ஸ் செமினரி பிரஸ் 2011-இல் போட்ட பதிப்பு. மெலிந்த புத்தகம், 57 சிறு பிரிவுகள். எழுதியவர் 328-இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் பேராயரானவர். ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 வருஷம் நாடுகடத்தலில் கழித்தவர். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியலிட்டு 367-இல் சுற்றுமடல் எழுதியவரும் இவர்தான். இயேசுவும் படைக்கப்பட்டவரே, பிதாவுக்குச் சமமானவரல்ல என்று போதித்த ஆரியுஸின் கூட்டத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர், ஆனால் இந்த நூலில் ஆரியுஸ் பெயரே கிடையாது. அதனால் அந்தச் சண்டை கிளம்புமுன், 318-க்கு முன்பே எழுதினார் என்று சிலரும், இல்லை 335 வாக்கில் என்று சிலரும் இன்னும் வாதாடுகிறார்கள்.

சரி, நம் சோதனைக்கு வருவோம். இவரும் தோற்றார்! 35-ஆம் பிரிவில் உபாகமம் 28:66-ஐ எடுத்து, உங்கள் ஜீவன் உங்கள் கண்முன் தொங்குவதைக் காண்பீர்கள் என்பது சிலுவையைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்கிறார். வேதாகமத்தில் அந்த இடம் சாப வசனங்களின் நடுவே வருகிறது. உயிர் நிலைக்குமோ நிலைக்காதோ என்று இரவும் பகலும் நடுங்குவதைச் சொல்கிறது. கன்வென்ஷன் புத்தகத்துக்கு ஒரு நியாயம், பேராயருக்கு ஒரு நியாயமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மூடி வைத்திருப்பேன். அதற்கு முன்பே 14-ஆம் பிரிவைப் படித்துவிட்டதுதான் தடுத்தது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஓட்டு வீடாக இருந்தபோது மழை ஒழுகி, சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கி, முகத்தில் பாதியைப் பழுப்புக் கறை தின்றுவிட்டது. நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், காது, மூக்கெல்லாம் நான் போட்டுருவேன். ஆனா அது நான் போட்ட முகமால்லா இருக்கும்? ஆளு இருந்தா வரச்சொல்லுங்க, புதுசா எடுத்துரலாம்." ஆள் எங்கே இருக்கிறார்?

அத்தனாசியுஸ் இதையேதான் சொல்கிறார். பலகையில் வரைந்த உருவம் கறைபட்டு அழிந்துவிட்டால், யாருடைய உருவமோ அவரே மறுபடி வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் அதே பலகையில் அதைத் திரும்ப வரைய முடியும். உருவத்துக்காகப் பலகையைத் தூக்கி எறிவதில்லை. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான், அந்தச் சாயல் கெட்டது, ஆகவே அந்தச் சாயலுக்கு மூலமானவரே வந்தார். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் 'இயேசு ஏன் மனிதரானார்' என்று பாடம் எடுத்திருக்கிறேன். பாவத்துக்குப் பரிகாரம் என்ற ஒரு பதிலோடு நிறுத்திக்கொண்டேன். பலகையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு உவமையில், பெரிய நகரத்தில் ஒரே ஒரு வீட்டில் ராஜா தங்கினாலும் ஊருக்கே மரியாதை, கொள்ளைக்காரன் கிட்ட வரமாட்டான் என்கிறார். மந்திரி வருகிறார் என்றதும் ஒரே ராத்திரியில் தெருவிளக்கு எரிந்த கதை நமக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடி இதைப் படிக்கிறோம். 54-ஆம் பிரிவில், நாம் தெய்வமாகும்படி அவர் மனிதரானார் என்று வந்ததும் அண்ணாச்சி ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இது அத்வைதம்லா சார்?" நியாயமான கேள்வி. 2 பேதுரு 1:4-ஐத் திறந்து, "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு" என்று வாசித்தேன். பங்கு பெறுகிறவனும் பங்கு கொடுக்கிறவரும் ஒருவரே ஆகிவிடுவதில்லை என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

குறைகளும் உண்டு. 33 முதல் 40 வரை யூதர்களுக்கு மறுப்பு. அந்தத் தொனி இன்று வாசிக்கக் கூசுகிறது. அதன்பின் கிரேக்கர்களுக்குச் சொல்லும் பதிலில், உங்கள் குறிசொல்லும் கோயில்கள் ஓய்ந்துபோயின பாருங்கள் என்று வெற்றி முழக்கம். எதிர்வீட்டில் ஆடி மாசம் தவறாமல் கொழுக்கட்டை கொடுத்துவிடும் அக்காவை வைத்துக்கொண்டு அதை என்னால் உரக்க வாசிக்க முடியவில்லை. மலைப்பிரசங்கம், ஏழைகளோடு இயேசு பந்தியிருந்தது போன்றவையும் இதில் அதிகம் இல்லை.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1944-இல் வேறொரு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரை இதிலும் இருக்கிறது. ஒரு புதுப் புத்தகம் படித்தால் அடுத்த புதுசைத் தொடுமுன் ஒரு பழசைப் படி என்கிறார் அதில். அந்தச் சில பக்கங்களுக்கே காசு கொடுக்கலாம். காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு இதே நூலை ராபர்ட்சன் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1892-இல் வந்த பதிப்பு இணையத்தில் இலவசம். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலம், பல்லில் மாட்டும். வாங்குகிறவர்கள் முதல் தடவை 32-ஆம் பிரிவு வரை படித்துவிட்டு நேரே 54-க்குப் போய்விடலாம். பென்சில் கையில் இருக்கட்டும், ஓரத்தில் எழுத இடம் தாராளமாக விட்டிருக்கிறார்கள்.