திருகோணமலையில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு: ஊசியின் பெயரை எழுதித் தராத கிளினிக்குக்குப் போகாதீர்கள்

உங்கள் நாய்க்கோ பூனைக்கோ ஊசி போட்டுவிட்டு, என்ன ஊசி என்று கேட்டால் "காய்ச்சலுக்கு" என்று மட்டும் சொல்லும் இடத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். எங்கள் ரோசியை உண்ணிக் காய்ச்சல் பாதி கொன்றது. மீதியைச் செய்து முடிக்கப் பார்த்தது அப்படியான ஒரு கிளினிக்தான்.

நகரத்துக்குள்ளேயே இருக்கும் இடம் அது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அங்கே நடந்ததைப் படித்தால், அதே மாதிரி நடக்கும் எந்த இடத்தையும் உங்களால் அடையாளம் காண முடியும்.

ரோசி ஊர் நாய். உப்புவெளிக் கடற்கரையில் குட்டியாகக் கிடந்தவளை அம்மா தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே உண்ணி எவ்வளவு மோசம் என்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாயில் மட்டுமா, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஊரும். அந்தக் காலத்தில்தான் ஒருநாள் மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றை மணந்து பார்த்துவிட்டு, தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். தொட்டால் உடம்பு கொதித்தது.

கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவர் அவளை மேசையில்கூட ஏற்றவில்லை. வெப்பமானி வைக்கவில்லை. வாயைத் திறந்து முரசின் (பல் ஈறின்) நிறத்தைப் பார்க்கவில்லை. "சூட்டுக் காய்ச்சல் தங்கச்சி, கச்சான் காலத்தில எல்லா நாய்க்கும் வாறதுதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு ஊசி போட்டார். கடதாசியில் மடித்த வெள்ளை மாத்திரைகள், ஒரு ஈரல் சிரப், ஒரு விற்றமின் போத்தல். ஊசியின் பெயரைக் கேட்டேன். "பேரைத் தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று சிரித்தார். பற்றுச்சீட்டும் இல்லை. கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார், காசைக் கொடுத்தோம்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அன்று பின்னேரமே ரோசி எழும்பிச் சாப்பிட்டாள். வாலை ஆட்டினாள். அம்மாவுக்கு அந்த டொக்டர் கடவுளாகவே தெரிந்தார். ஆனால் அவள் தண்ணீரைத் தேடித் தேடிக் குடித்தாள், அடிக்கடி சிறுநீர் கழித்தாள். சாதாரண நாளில் அவள் அப்படி இல்லை. ஸ்டீரொயிட் ஊசி போட்டால் அப்படித்தான் நடக்கும் என்று பிறகுதான் எங்களுக்கு விளக்கினார்கள். காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், நாய் சுகமானது போலத் தெரியும். நோய்க்கு மருந்தே போயிருக்காது. நோயை எதிர்க்கும் உடம்பின் பலத்தையும் அது குறைத்துவிடும்.

சில நாட்களில் மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் அதே ஊசி, அதே மாத்திரை, இன்னும் கூடிய காசு. ரத்தம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "நாய்க்கு ரத்தம் பார்த்து ஒண்டும் தெரியாது" என்றார். அது சுத்தப் பொய். காது ஓரத்தில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு சாயம், ஒரு நுணுக்குக்காட்டி. உண்ணிக் காய்ச்சல் கிருமியைத் தேட முதலில் இவ்வளவு போதும். அந்த வசதி தன்னிடம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடம் போயிருப்போம்.

அப்புறம் ஒருநாள் விடிய அவளுடைய சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது. முரசு வெள்ளையாக இருந்தது. கிளினிக்குக்கு போன் எடுத்தால், "கொண்டு வாங்க, சத்து ஊசி ஒண்டு போடுவம்" என்கிறார்! கண்டியில் இருக்கும் மச்சாள்தான் பேராதனைக்குக் கொண்டுவரச் சொன்னாள். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை அது. வான் பிடித்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று அவ்வளவு தூரமும் அவளை மடியில் வைத்துக்கொண்டே போனோம்.

அங்கே அவளை மேசையில் ஏற்றியதும் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, இதுவரை என்ன மருந்து போட்டீர்கள் என்பது. எங்கள் கையில் இருந்தது அந்த மடித்த கடதாசி மட்டும்தான். அங்கிருந்தபடியே கிளினிக்குக்கு போன் எடுத்தேன். "மல்ட்டிவிற்றமின்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

ரத்தத்தில் பபீசியா இருந்தது. உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போய், சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் கிருமி. நாயின் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் சாதாரணமாக நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். ரோசிக்கு 13. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அதோடு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, அதற்குக் காரணம் நோயா, கொடுத்த மருந்தா என்பது தெரிந்தால்தான் அடுத்த மருந்தைத் தீர்மானிக்கலாம் என்று தமிழ் பேசும் மாணவ டொக்டர் ஒருவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஓர் உயிர் துடித்துக்கொண்டிருக்கும்போது, பெயர் தெரியாத ஊசியால் வைத்தியர்கள் கை கட்டப்பட்டு நின்றதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

திருகோணமலையில் நின்ற என் தம்பி கிளினிக்குக்கு நேரில் போய்ச் சண்டை பிடித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஊசி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட். மாத்திரை டைக்ளோஃபெனக், மனிதருக்கு மூட்டு வலிக்குக் கொடுப்பது. நாய்க்கு அது தனியாகவே ஆபத்து. ஸ்டீரொயிட்டோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். இதைத்தான் "விற்றமின்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரோசியின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். குட்டியில் அதே இடத்தில்தான் தடுப்பூசி போட்டது. திகதியும் கிறுக்கிய கையெழுத்தும் இருக்கின்றன, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் துண்டு ஒன்றுகூட இல்லை. அந்தத் துண்டில்தான் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் திகதி எல்லாம் இருக்கும். தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்டும் பயனில்லை. எங்கள் குட்டிக்குப் போட்டது என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் புத்தகங்களையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளை எப்படிக் கொல்லும் என்று கண்டவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது பதிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மிருக வைத்தியராகத் தொழில் செய்யப் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையான வைத்தியர் கோபிக்க மாட்டார். வெப்பமானி வைக்கிறாரா என்றும் பார்க்கிறேன். நாயின் சாதாரண உடல் வெப்பமே 38க்கு மேல், 39ஐத் தாண்டியும் கொஞ்சம் போகும், அதனால் கையால் தொட்டுக் காய்ச்சல் என்று சொல்பவரை நம்ப முடியாது. பூனை வைத்திருப்பவர்கள் மடித்த கடதாசி மாத்திரையை வாங்கவே வேண்டாம். அது பரசிட்டமோலாக இருந்தால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

நம் ஊரில் நல்ல வைத்தியர்கள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்து, அந்தப் பக்கமே போவதில்லை. பேராதனையில் எழுதித் தந்த துண்டோடு நான் போனபோது அங்கிருந்தவர் அதை வரி வரியாக வாசித்தார், முரசைப் பார்த்தார், கொடுத்த ஒவ்வொரு மருந்தையும் அளவோடு எழுதித் தந்தார். நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. அதற்குக்கூட அந்தக் கிளினிக்கில் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

ரோசி இப்போது சாப்பிடுகிறாள். ஆனாலும் பபீசியா உடம்பை விட்டு முழுதாகப் போகாமல் இருந்து திரும்பவும் வரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பேராதனைத் துண்டுகளின் பிரதி, மாத்திரையின் படம், தடுப்பூசிப் புத்தகத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து முறைப்பாட்டை அனுப்பியிருக்கிறோம். நகரத்தில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், போன திகதி, கொடுத்த காசு, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். மிச்ச மாத்திரையை எறிய வேண்டாம், கடதாசியோடு அப்படியே வைத்திருங்கள். ஒரு வீட்டு முறைப்பாட்டை ஒதுக்கி வைப்பது சுலபம், நாலைந்து வீடுகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அப்படிச் செய்ய முடியாது.